தறிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு தையல் மேசை



முன்வரிசையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து வந்த ஐயாமார்களும் அம்மாமார்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசைகளில் தையல் வகுப்புப் பிள்ளைகள். இந்த இரண்டு தரப்பும் ஒரே கூடத்தில் சேர்ந்து உட்காருவது நம் ஊர்களில் அடிக்கடி நடப்பதில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கையில், நெசவு செய்யும் காருகரையும் துணி தைக்கும் துன்னகாரரையும் ஒரே பகுதியில் வாழ்பவர்களாகக் காட்டுகிறது. இன்று நெய்பவர் ஓர் ஊரில், தைப்பவர் வேறோர் ஊரில். இடையில் சங்கம், கிடங்கு, கடை, கண்காட்சி. தாம் நெய்த துணி என்ன உடையானது என்று நெய்தவருக்குத் தெரிவதில்லை. தம் மேசைக்கு வந்த துணி எப்படிப்பட்ட தறியிலிருந்து இறங்கியது என்று தைப்பவருக்கும் தெரிவதில்லை. கைத்தறித் துணியில் உடை தைக்கக் கற்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் அந்தக் கல்வி என்று நான் நினைக்கிறேன்.

நம் கைத்தறி, கத்தரியை எதிர்பாராமல் வளர்ந்த தொழில். புடவை, வேட்டி, துண்டு எதுவானாலும் தறியிலிருந்து அறுத்து இறக்கினால் உடை முடிந்தது. கரையும் முந்தானையும் தறியிலேயே தீர்மானமாகிவிடும். இதைச் சட்டமே எடுத்துக் காட்டும். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி, விசைத்தறி அவற்றை நெய்யக் கூடாது என்று 1985இல் ஒரு சட்டம் வந்தது. தொடக்கத்தில் 22 ரகங்கள்; பிறகு அவை 11 ஆகக் குறைந்தன. அந்தப் பதினொன்றையும் படித்துப் பாருங்கள்: சேலை, வேட்டி, துண்டும் அங்கவஸ்திரமும், லுங்கி, படுக்கை விரிப்பு, ஜமக்காளம், கம்பளி, சால்வை, வடகிழக்குப் பெண்கள் உடுத்தும் மேகலா. ‘உடைத் துணி’ என்று ஒரு வரி, கம்பளி ட்வீட் என்று ஒரு வரி. இந்த இரண்டை விட்டால் மற்றவை பெரும்பாலும் ஊசியே படாமல் பயன்படுகிறவை.

ஆனால் நாம் என்ன உடுத்துகிறோம்? பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் சட்டை, குர்தா, சுடிதார், பேன்ட். புடவை கட்டுகிறவருக்கும் ரவிக்கை தைத்தாக வேண்டும். முன்பு நெசவாளரின் பிழைப்பு உடுத்துகிறவர் கையில் மட்டும் இருந்தது. இப்போது தைக்கிறவர் கையிலும் இருக்கிறது. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். தங்கைகளே, உங்கள் மேசைக்கு வருகிற துணியில் ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கத்தரியை எடுத்தால் பெரும்பாலும் அது உண்மையாகத்தான் இருக்கும்.

நடப்பது என்ன? ஒருவர் ஆசைப்பட்டுக் கைத்தறிச் சட்டைத் துண்டு வாங்குகிறார். வழக்கமான தையல் கடையில் கொடுக்கிறார். மில் துணியைத் தைப்பது போலவே அதையும் தைத்துத் தருகிறார்கள். முதல் சலவையில் கழுத்து இறுகிவிடுகிறது, கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது, அக்குளில் இழை நகர்ந்து துணி விட்டுப்போகிறது. “கைத்தறி நமக்குச் சரிப்படாது” என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். துணியில் ஒரு குறையும் இல்லை. தைத்த முறையில்தான் குறை. பழி மட்டும் எங்கோ குழித்தறியில் கால் மிதித்துக்கொண்டிருப்பவரிடம் போய்ச் சேர்கிறது. இது அநியாயம். இதைச் சரிசெய்யும் பொறுப்பு தையல் கற்பிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு முதலில் இருக்கிறது.

தையல்காரர்களையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கற்றதே மில் துணியில்தான். அமெரிக்காவில் சான்ஃபோர்ட் கிளூயெட் என்பவர் துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் இயந்திர முறை ஒன்றைக் கண்டுபிடித்து 1930இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே அதை சான்ஃபரைஸ் செய்வது என்கிறோம். நல்ல மில்களின் சட்டைத் துணி அப்படிச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகுதான் கடைக்கு வரும். இன்றைய தையல் வகுப்பின் அளவுக் கணக்கெல்லாம் அப்படிப்பட்ட துணியை நம்பியே நடக்கிறது: மார்புச் சுற்றளவில் இத்தனை பங்கு, அதோடு அரை அங்குலம், வெட்டு. தறியிலிருந்து நேராக வரும் துணிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பது புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது குறையும். தறியில் பாவு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அந்த விறைப்பிலேயே ஊடை ஓடி, அடிபட்டு, துணியாகிறது. தறியை விட்டு இறங்கிய பிறகும் இழைக்குள் அந்த இழுவிசை ஓரளவு தங்கியிருக்கும். தண்ணீர் பட்டதும் இரண்டு காரியம் நடக்கிறது. இழுவிசை தளர்கிறது, பருத்தி இழை நீரை வாங்கிப் பருக்கிறது. பருத்த இழையைச் சுற்றிக் கடக்க, குறுக்கே வரும் இழைக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளத்துக்கு எங்கே போகும்? துணியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அகலத்தைவிட நீளம் அதிகமாகச் சுருங்குகிறது.

எவ்வளவு சுருங்கும் என்பது துணிக்குத் துணி வேறுபடும். யாரையும் கேட்க வேண்டாம், துணியையே கேட்கலாம். ஒரு மூலையில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை நூலால் ஓட்டுத் தையல் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் குறி தண்ணீரில் போய்விடும், நூல்தான் நிற்கும். நனைத்து உலர்த்தி மறுபடி அளந்தால் நீளத்தில் 47 இருக்கிறதா? அப்படியானால் நூற்றுக்கு 6 சுருக்கம். இரண்டரை மீட்டர் வாங்கினால் கையில் நிற்பது 2 மீட்டர் 35 சென்டிமீட்டர். இந்த ஒரு கணக்கு தெரிந்தவர் தைத்த சட்டை யாருக்கும் இறுகாது.

நனைப்பது சுருக்கத்துக்காக மட்டும் இல்லை. சேலத்திலும் ஈரோட்டுப் பக்கத்திலும் ‘பாவடி’ என்ற பெயரில் இன்னும் மைதானங்கள் இருக்கின்றன. பாவை நீளமாக விரித்துக் கட்டி, கஞ்சி பூசி, தூரிகையால் வாரி, வெயில் ஏறுவதற்குள் ஆற்றி எடுப்பதற்காக நெசவுக் குடும்பங்கள் வைத்திருந்த பொது இடங்கள் அவை. நெசவின்போது ஒவ்வொரு பாவு இழையும் விழுதிலும் பண்ணையிலும் ஓயாமல் உராய்கிறது. அந்த உராய்வில் அறுந்துபோகாமல் இருக்கத்தான் கஞ்சி. துணி உங்களிடம் வரும்போதும் அந்தக் கஞ்சி அதில் இருக்கிறது. கஞ்சியோடு இருக்கும் துணி நிமிர்ந்து நிற்கும், கத்தரிக்கு நன்றாக வளைந்து கொடுக்கும், தைக்கவும் சுகமாக இருக்கும். ஆனால் அது அந்தத் துணியின் உண்மையான குணம் இல்லை. அந்த நிமிர்வை நம்பிப் பாவாடைக்குப் பிரில் வைத்தவர், சலவைக்குப் பிறகு பிரில் தொங்கிப்போவதைப் பார்த்து வருந்துவார். ஆகவே ஓர் இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறட்டும். காலையில் வழவழப்பு போகும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் விரித்து, சற்று ஈரம் இருக்கும்போதே நீளவாக்கில் இஸ்திரி போட்டு எடுத்தால் துணி தன் இயல்புக்கு வந்திருக்கும். அப்போது கையில் எடுத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். இது சட்டைக்கா, குழந்தை கவுனுக்கா, துப்பட்டாவுக்கா என்று அதுவே சொல்லிவிடும்.

சாயம் பற்றி ஒரு வார்த்தை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீடுகளில் சொல்வதுண்டு. சாயம் போடும்போது இழைக்குள் சாயம் இறங்க உப்பு உதவும். சரியாகப் பிடிக்காத சாயத்தைப் பின்னால் போட்ட உப்பு பிடிக்க வைக்காது. ஈரமான வெள்ளைத் துண்டை வைத்து அழுத்தி இஸ்திரி போட்டுப் பாருங்கள். நிறம் ஏறினால் அதை வெளிர் நிறத் துணியோடு சேர்த்துத் தைக்காதீர்கள்.

துணி தயாராகிவிட்டது. கத்தரியை எடுக்கலாமா? இன்னும் இல்லை.

துணியின் நேர்க்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊடை இழை ஒன்றை ஊசிமுனையால் தூக்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெல்ல உருவுங்கள். உருவிய இடத்தில் மயிரிழை போல ஒரு வழி தெரியும். அந்த வழியில்தான் வெட்ட வேண்டும். கடையில் வெட்டித் தந்த கோடும் இந்தக் கோடும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. இழைக்கோடு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால், ஈரத்தில் இரண்டு பேர் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துச் சாய்வாக இழுத்தால் நேராகும். இதைச் செய்யாமல் தைத்த சட்டை, இரண்டு சலவைக்குப் பிறகு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும். இழை உருவப் பொறுமை வேண்டும். முதலில் பாதியில் அறுந்துபோகும். அறுந்த இடத்திலிருந்து அதே இழையைத் தேடி எடுத்து மறுபடி உருவ வேண்டும். வகுப்புகளில் நான் முதல் பாடமாக வைப்பது இதைத்தான், இயந்திரத்தில் கால் வைப்பதை இல்லை. இந்தப் பயிற்சியில் விரலுக்குத் தெரிய வருவது நிறைய. பாவு எது, ஊடை எது, எது கெட்டி, எது தளர்வு, 40ஆம் நம்பர் நூல் எப்படி இருக்கும், 80ஆம் நம்பர் எப்படி இருக்கும். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை என்பதுதான் அந்த நம்பர் என்று புத்தகம் சொல்லும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். விரல் அதைச் சொல்லும் விதம் வேறு.

ஓரத்தையும் பாருங்கள். நெய்யும்போது துணி உள்ளே குறுகாமல் இருக்க, முனையில் ஊசி வைத்த ஒரு குச்சியைக் குறுக்கே பூட்டி விரித்துப் பிடிப்பார்கள். அந்த ஊசிகளின் பொடித் துளைகள் ஓரத்தை ஒட்டி வரிசையாகத் தெரியும். கைத்தறி என்பதற்கு அது ஓர் அடையாளம். அந்த ஓரம் கத்தரி காணாத ஓரம், பிரியாது. அதை வெட்டி எறிகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஜிப்பாவின் பக்கவாட்டுத் திறப்புக்கும் முன்பட்டிக்கும் அந்த ஓரத்தையே வைத்தால் மடிக்கவும் வேண்டாம், ஓவர்லாக்கும் வேண்டாம். நனைத்த பிறகு ஓரம் மட்டும் இறுகிச் சுருங்கியிருந்தால்தான் அதை ஒதுக்க வேண்டும்.

இனி அகலம். தையல்காரர்கள் சொல்லும் முதல் புகார், “கைத்தறியில் அகலம் போதவில்லை.” 58 அங்குல மில் துணியில் பழகியவருக்கு 36 அங்குலம் குறைவாகத்தான் தெரியும். இந்த அகலம் மனித உடம்பிலிருந்து வந்தது. நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்கும் தறியில், கை எட்டும் தூரம்தான் துணியின் அகலம். கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவை இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் கொண்டுவந்த பிறகுதான் ஒருவரே அகலத் துணி நெய்வது எளிதானது. அந்த முறை நம் நாட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே நம் பழைய தைத்த உடைகள் உருவாகிவிட்டன. குறுகிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவர்களின் அறிவு அவற்றில் இருக்கிறது.

பழைய முறை ஜிப்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நனைத்துச் சுருங்கிய பிறகு 36 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள துணி. நீளவாக்கில் நடுவே இரண்டாகப் பிரியுங்கள். 18 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள். முதல் பட்டைதான் உடம்பு. அதை நடுவில் மடித்துத் தோளில் போட்டால் முன்னால் 40, பின்னால் 40. தோளில் தையலே கிடையாது. மடிப்பில் கழுத்துக்கு மட்டும் குடைய வேண்டும். இரண்டாவது பட்டையில் 22 அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டு எடுத்தால் இரண்டு கைகள். வளைவு ஏதும் இல்லாத நீள்சதுரத் துண்டுகள். மீதி 36 அங்குலம். அதில் 32 அங்குல நீளத்தில், ஒன்பது ஒன்பது அங்குல அகலமாக இரண்டு பட்டை. ஒவ்வொன்றையும் மேலே 3, கீழே 6 வரும்படி சாய்வாக வெட்டினால் நான்கு பக்கத் துண்டுகள் கிடைக்கும். ஒன்றின் குறுகிய முனை இன்னொன்றின் அகன்ற முனையோடு ஒட்டியே வெட்டுப்படுகிறது. உடம்பின் இரு பக்கமும் கைக்குக் கீழே அவற்றை வைத்தால் மார்பில் 48 அங்குலச் சுற்றளவும் கீழே 60 அங்குலச் சுற்றளவும் வருகின்றன; தையலுக்குப் போவதை இதில் கழித்துக்கொள்ளுங்கள். கடைசியில் நிற்பது 4 அங்குல உயரமுள்ள ஒரு கீற்று. அதில் இரண்டு 4 அங்குலச் சதுரங்கள் அக்குளுக்கு. எஞ்சிய 10 அங்குலம் கழுத்துப் பட்டிக்கு ஒட்டுப்போட்டுச் சேர்க்க ஆகும். கழுத்தில் குடைந்த சிறு துண்டைத் தவிர, எறிய ஒன்றும் இல்லை.

நவீன சட்டை வெட்டில் துணியில் 15 சதவீதத்தை ஒட்டிக் கழிவாகப் போவது சாதாரணம் என்பார்கள். மில் துணியில் அது வெறும் கணக்கு. கைத்தறியில் அது யாரோ ஒருவரின் உழைப்பு. ஓர் அங்குலத்துக்கு 56 ஊடை இழை என்றால், ஒரு மீட்டர் துணிக்கு நாடா ஏறக்குறைய 2,200 தடவை இப்பக்கமும் அப்பக்கமும் ஓடியிருக்கிறது. அத்தனை தடவையும் ஒருவர் கையும் காலும் சேர்ந்து அசைந்திருக்கின்றன. நம் மேசையடியில் விழும் துண்டில் அதுவும் விழுகிறது.

அந்த அக்குள் சதுரத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. கையைத் தூக்கும்போது துணி இழுபடுகிற இடம் அது. சதுரத்தைச் சாய்த்து வைப்பதால் அங்கே துணி கிராஸாக அமைந்து, கை போகிற பக்கமெல்லாம் நெகிழ்ந்து கொடுக்கிறது. தளர்ந்த நெசவில் கைக்குழியை வளைவாக வெட்டி இறுக்கித் தைத்தால் இழைகள் தையலை விட்டு நகர்ந்து, தையல் அப்படியே இருக்க அதன் பக்கத்தில் சல்லடை போலத் துணி திறந்துவிடும். பழைய ஜிப்பா தைத்தவர்கள் இந்தச் சிக்கலை அறிந்து விடை கண்டிருக்கிறார்கள். அகலத் துணி நெய்யச் சொல்லித் தறிகளை மாற்றுவதைவிட, இந்த வெட்டு முறைகளை மறுபடி கற்றுக்கொண்டு இன்றைய உடம்புக்கும் இன்றைய ரசனைக்கும் ஏற்பத் திருத்துவது எளிது, செலவும் குறைவு. இது என் உறுதியான கருத்து.

கட்டம் போட்ட துணிக்கு வருகிறேன். நம் பக்கத்து நெசவில் உலகம் அறிந்தது கட்டம்தான். மெட்ராஸ் செக் என்ற பெயரில் 1960களில் அமெரிக்காவில் அந்தச் சட்டைகளுக்குப் பெரிய மோகம் இருந்தது. சலவைக்குச் சலவை நிறங்கள் ஒன்றோடொன்று கசிந்து கலப்பதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். குறிஞ்சிப்பாடி லுங்கித் துணியை விரித்துப் பார்த்தால் அந்தக் கட்ட அழகின் உறவு இன்றும் தெரியும். லுங்கித் துணியில் தைத்த அரைக்கைச் சட்டை போல நம் வெயிலுக்கு இதமான உடை எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் கைத்தறிக் கட்டத்தை டேப் வைத்துப் பொருத்த முடியாது. ஊடையை அடிக்கும் வேகம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நெய்பவர் மாறினால் இன்னொன்று. அதனால் கட்டத்தின் உயரம் துணி நெடுகச் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே வரும். முன்பக்கத்து வலது துண்டைத் துணியின் ஒரு முனையிலும் இடது துண்டை இன்னொரு முனையிலும் வெட்டினால், நடுவில் பொத்தான் போடும்போது கோடுகள் சேரவே சேராது. வலதையும் இடதையும் அகலவாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டுங்கள். அப்போது இரண்டிலும் ஓடுவது அதே ஊடை இழைகள். கோடு சேர்ந்தே தீரும். அகலம் இடம் கொடுத்தால் கையையும் அதே வரிசையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மடிப்பாகப் போட்டு வெட்டாமல், ஒன்றை வெட்டி அதை மேலே வைத்துக் கட்டத்தோடு கட்டம் பொருத்தி அடுத்ததை வெட்டுங்கள். அங்குலத்தை எண்ணாதீர்கள், கட்டத்தை எண்ணுங்கள்.

தையலில் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தையலுக்கு விடும் துணி முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, பிசிறு வரும். கழுத்தை வெட்டிய கையோடு ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் வளைவு இழுபட்டு அகன்றுவிடும். வழக்கமாக இயந்திரத்தில் கிடக்கும் 16ஆம் நம்பர் ஊசியை மாற்றி மெல்லிய துணிக்கு 11, நடுத்தரத்துக்கு 14 போடுங்கள். நூல் துணியைவிட வலுவாக இருக்க வேண்டியதில்லை: இழுபட்டால் தையல் விடட்டும், அதை மறுபடி தைக்கலாம், துணி கிழிந்தால் என்ன செய்வது? காலருக்கு ஒட்டும் கேன்வாஸ் வைத்தால் சில சலவைகளில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதே துணியை உள்ளே இரட்டையாக வைத்தால் காலர் மென்மையாகவும் இருக்கும், நிற்கவும் நிற்கும். உங்கள் ரெக்கார்டு நோட்டில் பிரெஞ்சு தையல், ரன் அண்ட் ஃபெல் என்று மாதிரித் துண்டு தைத்து ஒட்டியிருப்பீர்களே, அதற்குப் பிறகு அவற்றைத் தொட்டிருக்க மாட்டீர்கள். ஓவர்லாக் கடை பக்கத்தில் இருப்பதால் தொடத் தேவையும் வந்திருக்காது. அவை கைத்தறிக்காகவே உள்ளவை என்று சொல்வேன். வெட்டிய விளிம்பு முழுக்க உள்ளே மறைந்துவிடும், இழுவிசை இரண்டு தையலில் பகிர்ந்துபோகும்.

ரவிக்கையில் மட்டும் சற்று நின்று போக வேண்டும், ஏனென்றால் அதிகம் பாழாவது அதில்தான். நெகமம், பரமக்குடிப் பக்கத்துப் பருத்திப் புடவையோடு வரும் ரவிக்கைத் துண்டு 80ஆம் நம்பர், 100ஆம் நம்பர் நூலில் மெல்லியதாக இருக்கும். அதற்கு உள்ளே டூ பை டூ லைனிங் வைக்கிறோம். இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. முதல் சலவையில் ஒன்று குறுகி மற்றொன்று குறுகாமல், முதுகெல்லாம் சுருக்கம் விழுந்த ரவிக்கையைப் பார்க்காத வீடு இல்லை. லைனிங்கையும் துணியையும் தனித்தனியாக ஓர் இரவு ஊறவைத்து உலர்த்தினால் தீர்ந்தது. இந்தச் சின்ன வேலைக்கு நேரமில்லை என்கிறோம், பிறகு பிரித்துத் தைக்க நேரம் ஒதுக்குகிறோம். இன்னொன்று: இறுக்கிப் பிடித்த ரவிக்கைதான் அழகு என்ற எண்ணத்தை வாடிக்கையாளரிடம் பேசி மாற்ற முயலுங்கள். மெல்லிய கைத்தறிக்கு ஒரு விரல் தளர்வு கொடுத்தால் அது பல வருஷம் உழைக்கும்.

கையால் நெய்த துணியை இயந்திரத்தில் தைக்கலாமா என்று ஒரு தங்கை மேடைக்கு வரும்முன் கேட்டார். நல்ல கேள்வி. இதே சந்தேகம் காந்தியடிகளிடமும் கேட்கப்பட்டது. 1924இல் சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று அவரிடம் கேட்டார். காந்தி விதிவிலக்காக எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் இயந்திரத்தை. தையலில் வருந்தும் மனைவியின் சிரமத்தைக் குறைக்க நினைத்த அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் பார்வை. மனிதனின் கைகால்களை முடக்கிவிடாமல் அவனுக்குத் துணை நிற்கும் இயந்திரத்தை அவர் ஏற்றார். கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். கைத்தறிக்குப் பேர்போன சின்னாளபட்டிக்குப் பக்கத்தில். ராட்டையும் தறியும் தையல் இயந்திரமும் ஒரே வாழ்க்கைக்குள் அடங்கும் என்பதற்கு அவரே சாட்சி. ஆகவே தயங்காமல் காலால் மிதியுங்கள். மிதிக்கும் வேகத்தை மட்டும் குறையுங்கள்.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மலிவான பாலியஸ்டர் கலப்புத் துணியில் பழக்கிவிட்டு, கை திருந்திய பிறகு நல்ல துணி கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். கலப்புத் துணி பிழையை மறைக்கும். சுருங்காது, நகராது, எப்படி வெட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். அதில் பழகிய கைக்குத் துணியைக் கவனிக்கும் அவசியமே ஏற்படுவதில்லை. 20ஆம் நம்பர் நூலில் நெய்த கெட்டியான கைத்தறித் துணியை முதல் மாதத்திலேயே கொடுங்கள். அதில் தலையணை உறை, பிறகு பை, பிறகு நான் சொன்ன ஜிப்பா. வளைவு வெட்டுகள் அதற்குப் பிறகு வரட்டும். செலவு கூடும் என்பீர்கள். சங்கங்களில் நீளம் குறைந்து, விற்காமல் தேங்கிய துண்டுகள் எப்போதும் இருக்கும். அவற்றைப் பயிற்சிக்கு வாங்கினால் இரண்டு பக்கமும் பயன்.

கூலியைப் பற்றி நேராகப் பேச வேண்டும். நனைத்து, இழை உருவி, ரன் அண்ட் ஃபெல் போட்டுத் தைக்கும் சட்டைக்குச் சாதாரணச் சட்டையைவிட அதிக நேரம் ஆகும். கூலியும் அதிகம் கேளுங்கள். கேட்கக் கூச வேண்டாம். என்ன வேலை செய்தீர்கள் என்று வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நெய்தவருக்கும் கட்டுப்படியாகாத விலை, தைத்தவருக்கும் கட்டுப்படியாகாத கூலி என்று இருந்தால் இந்தத் தொழிலுக்கு அடுத்த தலைமுறை வராது. பள்ளிச் சீருடைகளைத் தைப்பதற்கு மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நெசவாளர் சங்கங்களும் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒன்றின் வாசலை ஒன்று மிதிப்பதில்லை. ஒரு தையல் சங்கம் தனக்கு வேண்டிய சட்டையின் நீளத்தையும் கை அளவையும் முன்கூட்டிச் சொன்னால், பட்டியில் எங்கே கரை வர வேண்டும், கீழ்மடிப்பில் எத்தனை கட்டம் வர வேண்டும் என்பதைப் பாவு ஓட்டும்போதே நெசவாளர் திட்டமிட்டுவிடுவார். புடவையில் முந்தானையை அப்படித்தானே திட்டமிடுகிறார்?

முன்வரிசை ஐயா, அம்மா, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். துணியில் ஒட்டும் சீட்டில் இப்போது விலையும் ரகத்தின் பெயரும் இருக்கின்றன. நூல் நம்பர், நனைப்பதற்கு முன் அகலம், நீளத்தில் எத்தனை சதவீதம் சுருங்கும் என்ற மூன்றையும் சேர்த்து அச்சடியுங்கள். நான் சொன்ன சதுரச் சோதனையை ஒவ்வொரு பாவுக்கும் ஒருமுறை செய்தால் போதும். சட்டைத் துண்டை அளந்து வெட்டும்போது அந்தச் சுருக்கத்தையும் சேர்த்தே வெட்டுங்கள். ஜிப்பாவுக்கு 80 அங்குலம் போதும் என்றாலும் இரண்டரை கெஜமாகக் கொடுங்கள்.

மேசைமேல் சென்னிமலைத் துணி ஐந்து துண்டு வைத்திருக்கிறேன். நேற்று இரவே நனைத்து உலர்த்தியவை. நெசவாளர்கள் ஆளுக்கு ஒரு மேசையில் உட்காருங்கள், மாணவிகள் சுற்றி வந்து நில்லுங்கள். ஊசியை எடுத்து ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே ஓர் ஊடை இழையைத் தூக்குங்கள். அறுந்தால் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் கேளுங்கள். அறுந்த இழையைத் தேடிப் பிடிப்பதில் அவர்களைவிடக் கைதேர்ந்தவர் இந்தக் கூடத்தில் யாரும் இல்லை.